அட்டையில் 1000 வாட், அலமாரியில் 100 வாட்!

வீட்டுக்குள் கீரை வளர்க்க எல்.இ.டி. விளக்கு வாங்கப் போகிறீர்களா? பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணை நம்புவதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

ஆன்லைன் கடைகளில் ‘க்ரோ லைட்’ என்று தேடினால் வரிசைகட்டி வந்து நிற்கும் விளக்குகளில் பலவற்றின் பெயரே ‘1000 வாட்’தான். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி இழுப்பதும் ஏறத்தாழ அதே 1000 வாட். இரண்டடிக்கு இரண்டடி அலமாரிக்குள் இஸ்திரிப் பெட்டியை நாளெல்லாம் சூடாக்கி வைத்தால் உள்ளே இருக்கும் கீரை வளராது, வெந்துவிடும். விற்பவருக்கும் இது தெரியும். அதனால்தான் விவரப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு எண் ஒளிந்திருக்கும்: ‘உண்மையான மின்நுகர்வு 100 வாட்’.

மீதி 900 வாட் எங்கே போயிற்று? அப்படி ஒன்று இருந்ததே இல்லை. விளக்குக்குள் 100 டையோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 10 வாட் தாங்கும் ரகம் என்று வைத்துக்கொண்டு, நூறைப் பத்தால் பெருக்கி அட்டையில் அச்சடித்துவிடுவார்கள். நடப்பிலோ ஒவ்வொரு டையோடும் ஒரு வாட் அளவில்தான் எரிகிறது. யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்கு ‘ஈக்விவலன்ட்’ என்று ஒரு வார்த்தையையும் பக்கத்தில் போட்டுவிட்டால் போதும்.

மாடியில் இடம் கிடைக்காத அடுக்ககவாசிகள், வெயிலே எட்டிப் பார்க்காத வடக்குப் பார்த்த பால்கனிக்காரர்கள், வெயில் அதிகமாகிப்போய் லெட்டூஸ் வளர்க்க முடியாதவர்கள் எனப் பலரும் இப்போது வீட்டுக்குள் செடி வளர்க்கும் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பழைய புத்தக அலமாரி, ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் என்று கைக்குக் கிடைத்தது எதுவும் வளர்ப்பு அலமாரி ஆகிவிடுகிறது. விதை, தொட்டி, தேங்காய் நார்க்கழிவு எல்லாம் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். காசும் குழப்பமும் மொத்தமாக வந்து நிற்கும் இடம் விளக்குதான்.

பெரும்பாலானோர் முதலில் விளக்கை வாங்கிவிட்டு, பிறகு அதை மாட்ட இடம் தேடுகிறார்கள். வரிசை நேரெதிராக இருக்க வேண்டும். அலமாரியின் அளவு முதலில், அதில் வளரப்போகும் செடி இரண்டாவது, சூடு வெளியேறும் வழி மூன்றாவது. இந்த மூன்றும் முடிவானால் எந்த விளக்கு என்பது தானாக முடிவாகிவிடும்.

விண்வெளியில் ஒரு சின்ன அலமாரி

உலகம் அறிந்த ஒரு வளர்ப்பு அலமாரி பூமியிலேயே இல்லை. தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கிறது. 2014-ல் நாசா அங்கே அனுப்பிய ‘வெஜ்ஜி’ என்ற அந்தப் பெட்டியின் வளர்ப்புப் பரப்பு ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். நம் வீட்டு ஷோகேஸின் ஒரு தட்டைவிடச் சின்னது. 2015 ஆகஸ்ட் 10 அன்று ஸ்காட் கெல்லி, ஷெல் லிண்ட்கிரென், கிமியா யுயி ஆகிய மூன்று விண்வெளி வீரர்களும் அதில் விளைந்த சிவப்பு ரோமெய்ன் லெட்டூஸைப் பறித்து, கொஞ்சம் ஆலிவ் எண்ணெயும் வினிகரும் விட்டுச் சாப்பிட்டார்கள்.

இந்தியாவின் முயற்சி இன்னும் சின்னப் பெட்டியில் நடந்தது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி60 ராக்கெட்டின் கடைசி நிலையில் இஸ்ரோ ‘கிராப்ஸ்’ என்ற சிறு கலத்தை வைத்திருந்தது. உள்ளே 8 காராமணி விதைகள். நான்கே நாளில் அவை முளைவிட்டன. அடுத்த சில நாட்களில் இலையும் எட்டிப் பார்த்தது.

செடிக்கும் எல்.இ.டி.க்கும் முடிச்சு விழுந்ததே விண்வெளிக்காகத்தான். கனமான, சூடான, உடையக்கூடிய பழைய விளக்குகளை ராக்கெட்டில் ஏற்ற முடியாது என்பதால் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாசாவின் ஆதரவோடு 1980-களின் இறுதியில் எல்.இ.டி.யை முயன்று பார்த்தார்கள். அப்போது பிரகாசமான நீல எல்.இ.டி. கிடையாது. ஆகவே சிவப்பு எல்.இ.டி.க்குத் துணையாக நீல ஒளி தரும் ஃப்ளோரசன்ட் விளக்கைப் போட்டு லெட்டூஸ் வளர்த்தார்கள். அந்த முடிவுகள் 1991-ல் வெளியாயின. இரண்டு ஆண்டு கழித்து ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். அந்த வகைக் கண்டுபிடிப்புக்காக அகசாகி, அமனோ ஆகியோருடன் 2014-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அலமாரியில் மாட்டும் வெள்ளை விளக்கும் அந்த நீல டையோடின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான்.

வெஜ்ஜியில் விளக்கு வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய அம்சங்கள் மூன்று. சிவப்பு, நீலத்தோடு பச்சை டையோடும் அதில் உண்டு. செடி வளர வளர விளக்கு மூடியை மேலே ஏற்றலாம். அதற்கேற்பப் பக்கவாட்டு உறையும் மடிப்பு மடிப்பாக விரியும். மூன்றாவது, விசிறி. நிறம், உயரம், காற்று என்ற இந்த மூன்றும் வீட்டு அலமாரியிலும் அப்படியே பொருந்தும்.

செடி எதை எண்ணுகிறது?

பல்பு அட்டையில் ‘2000 லூமன்’ என்று போட்டிருப்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. நம் கண்ணுக்கு மஞ்சள் கலந்த பச்சை, அதாவது 555 நானோமீட்டர் அலைநீளம், மிகப் பிரகாசமாகத் தெரியும். அடர் சிவப்பும் நீலமும் மங்கலாகத் தெரியும். செடிக்கு அந்தப் பாகுபாடு இல்லை. 400 முதல் 700 நானோமீட்டர் வரை இலையின் மேல் எத்தனை ஃபோட்டான் விழுகிறது என்பதுதான் அதற்கு முக்கியம்.

அதை அளக்கும் அளவுக்குப் பெயர் பி.பி.எஃப்.டி. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் என்பது அதன் பொருள். உச்சி வெயிலில் இது சுமார் 2000. ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி, நமக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும் இடத்தில்கூடச் சில பத்துகளுக்கு இறங்கிவிடும். வரவேற்பறை மூலையில் வைத்த புதினா நாளுக்கு நாள் நெட்டையாகி வெளுத்துப் போவது இதனால்தான்.

இதோடு நேரத்தையும் பெருக்கினால் அன்றைய மொத்தக் கணக்கு வரும்; அதை டி.எல்.ஐ. என்பார்கள், அலகு மோல். 200 மைக்ரோமோல் தரும் விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் 11.5 மோல். மேகமில்லாத கோடை நாளில் நம் மொட்டை மாடிக்குக் கிடைப்பது 40 மோலுக்கும் மேல், அதுவும் இலவசமாக.

எந்தச் செடிக்கு எவ்வளவு? முளைத்த சில நாளிலேயே அறுத்துவிடும் மைக்ரோகிரீன்ஸுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 10 மோல் தாராளம். விதைக்குள்ளேயே சாப்பாடு இருப்பதால் அது அதிகம் கேட்பதில்லை. லெட்டூஸ், துளசி வகை பேசில், பெரும்பாலான கீரைகளுக்கு 12 முதல் 17. காய் பிடிக்க வேண்டிய மிளகாய்க்கும் தக்காளிக்கும் 20 முதல் 30. அலமாரிக்குள் காய்க்காத தக்காளியைப் பார்த்து உரத்தைக் குறை சொல்கிறவர்கள் இந்தக் கடைசி எண்ணை ஒருமுறை பார்ப்பது நல்லது.

எரியும் நேரத்தை இஷ்டத்துக்கு நீட்டி இந்தக் கணக்கைச் சரிக்கட்டவும் முடியாது. இருட்டே இல்லாமல் 24 மணி நேரமும் எரியவிட்டால் தக்காளியின் இலை மஞ்சள் பாரிக்கும். கொத்தமல்லி, ஸ்பினாச் போன்றவை நீண்ட பகல் கிடைத்தால் இலையை நிறுத்திவிட்டுப் பூத்தண்டு விடத் தொடங்கும். அவற்றுக்கு 12 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு ஒளியை 250 மைக்ரோமோலுக்கு உயர்த்தலாம். அப்போதும் கிட்டத்தட்ட 11 மோல் வந்துவிடும்.

ஊதாவா, வெள்ளையா?

சில ஆண்டுகளுக்கு முன்வரை செடி விளக்கு என்றாலே சினிமா செட் மாதிரி ஊதா வெளிச்சம்தான். பச்சையத்தைக் கண்ணாடிக் குப்பியில் பிரித்தெடுத்துச் சோதித்தால் அது நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சி, பச்சையை விட்டுவிடும். அந்த வரைபடத்தை மட்டும் பார்த்தவர்கள் பச்சை ஒளி வீண்செலவு என்று முடிவு கட்டினார்கள்.

முழு இலை அப்படி நடந்துகொள்வதில்லை. 1972-ல் டெக்சாஸில் ஆய்வாளர் கீத் மெக்ரீ 22 பயிர்களின் இலைகளை எடுத்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்று அளந்தார். சிவப்பு முன்னணியில் இருந்தது. ஆனால் பச்சையும் கணிசமாகப் பயன்பட்டது. 2009-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இச்சிரோ தெரஷிமா குழு இன்னும் ஒரு படி மேலே போனது. பலமான வெள்ளை ஒளியில் இலையின் மேலடுக்கு ஏற்கெனவே நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் சேர்க்கும் சிவப்பு அந்த மேலடுக்கிலேயே வீணாக, பச்சையோ உள்ளே ஊடுருவி அடியடுக்கின் பச்சையத்தையும் வேலை வாங்குகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

நடைமுறைக் காரணம் இதைவிட எளிமையானது. ஊதா வெளிச்சத்தில் ஆரோக்கியமான இலையும் கறுப்பாகத் தெரியும், மஞ்சள் பாரித்த இலையும் ஏதோ சாம்பலாகத் தெரியும். இலைப்பேன், செம்பேன், பூஞ்சை எது வந்தாலும் கண்ணில் படாது. வெஜ்ஜியில் பச்சை டையோடைச் சேர்த்ததற்கும் செடி செடியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். வீட்டுக் கூடத்தில் நாளுக்கு 16 மணி நேரம் எரியப்போகும் விளக்கு, உடன் வசிப்பவர்களின் கண்ணையும் உறுத்தாமல் இருக்க வேண்டும்.

ஆக, வெள்ளைதான். அதில் எந்த வெள்ளை? அட்டையில் ‘3000 கே’, ‘4000 கே’, ‘6500 கே’ என்று இருக்கும். எண் ஏற ஏற நீலத்தின் பங்கு கூடும். 3000-ல் அது பத்தில் ஒரு பங்கு அளவு. 6500-ல் கால் பங்கைத் தொடும். நீலம் செடியைக் குட்டையாகவும் தடித்த இலையோடும் வைத்திருக்கும். உயரம் குறைந்த அலமாரிக்கு அதுதானே வேண்டும்? கீரை, லெட்டூஸ், நாற்று மூன்றுக்கும் 4000 வாக்கில் இருந்தால் பொருத்தம். வெள்ளை டையோடுகளுக்கு நடுவே 660 நானோமீட்டர் சிவப்பு டையோடுகள் சிலவற்றைப் பதித்த போர்டும் நல்ல தேர்வு. மின்சாரத்தை ஃபோட்டானாக மாற்றுவதில் அந்தச் சிவப்புதான் கெட்டி.

‘ஃபார்-ரெட்’, ‘யு.வி.’ என்று கூடுதல் பொத்தான்களைக் காட்டி விலை ஏற்றுவதும் உண்டு. 700-ஐத் தாண்டிய ஃபார்-ரெட் மற்ற நிறங்களோடு சேரும்போது ஒளிச்சேர்க்கைக்கு உதவுகிறது என்று யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷுயாங் ஜென், புரூஸ் பக்பீ இருவரும் 2020-ல் நிறுவினார்கள். ஆனால் அதே ஒளி, பக்கத்துச் செடியின் நிழலில் நிற்கிறோம் என்று செடியை நினைக்க வைத்து நெட்டையாக்கவும் செய்யும். இரண்டடி உயர அலமாரியில் நெட்டை வளர்த்தி தொல்லைதான். யு.வி. கீரைக்குத் தேவையே இல்லை.

நாற்பது வாட் போதும்

இனி கணக்கு. அலமாரித் தட்டு 60-க்கு 60 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 0.36 சதுர மீட்டர். லெட்டூஸுக்கு இலை மட்டத்தில் 200 மைக்ரோமோல் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு 72 மைக்ரோமோல். விளக்கிலிருந்து புறப்படுவதில் கால் பங்கு சுவரிலும் விளிம்பிலும் போய்விடும் என்று வைத்துக்கொண்டால் விளக்கு தர வேண்டியது 96 மைக்ரோமோல்.

இதற்கு எத்தனை வாட் ஆகும் என்பதில்தான் நல்ல விளக்கும் மட்ட விளக்கும் பிரிகின்றன. ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் என்ற எண் அட்டையில் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். 2014-ல் பக்பீயும் ஜேக்கப் நெல்சனும் அளந்தபோது சந்தையிலிருந்த மிகச் சிறந்த எல்.இ.டி.யும், மிகச் சிறந்த சோடியம் விளக்கும் 1.7 என்று சமநிலையில் நின்றன. இன்று நல்ல போர்டுகள் 2.5-ஐத் தாண்டிவிட்டன. தோட்டக்கலை விளக்குகளுக்குத் தகுதிப் பட்டியல் வைத்திருக்கும் அமெரிக்காவின் டிசைன்லைட்ஸ் கன்சோர்ஷியம் 2023-ல் குறைந்தபட்ச வரம்பை 2.3-க்கு உயர்த்தியது. அந்த எண்ணைச் சொல்லாத விற்பனையாளர் பெரும்பாலும் சொல்ல விரும்பாதவர்.

நம் 96-ஐ 2.5-ஆல் வகுத்தால் 38 வாட். அவ்வளவுதான்! இரண்டடிக்கு இரண்டடியில் லெட்டூஸ் வளர்க்க, நிஜமாகவே 40 வாட் எடுக்கும் நல்ல போர்டு போதும். அதே இடத்தில் மிளகாய் காய்க்க வேண்டுமென்றால் 500 மைக்ரோமோல் தேவைப்படும். விளக்கு 100 வாட்டுக்கு ஏறிவிடும். சூடும் அதே விகிதத்தில் ஏறும்.

ஏதோ ஒரு போர்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். அலுமினியத் தகட்டின் மேல் மூன்று மில்லிமீட்டருக்கு மூன்று மில்லிமீட்டரில் மஞ்சள் பொட்டுகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக ஒட்டியிருக்கும். அவற்றுக்கு இடையே மஞ்சள் இல்லாத தெளிந்த பொட்டுகள்தான் சிவப்பு டையோடுகள். சாம்சங் எல்.எம்.301 என்ற வரிசை இந்த உலகில் பேர் பெற்றது. ஆனால் டையோடின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. 40 வாட்டை 200 டையோடுகள் பகிர்ந்துகொண்டால் அவை குளிர்ச்சியாகவும் சிக்கனமாகவும் எரியும். அதே 40 வாட்டை 40 டையோடுகளின் தலையில் ஏற்றினால் பெயர் எதுவாக இருந்தாலும் திறன் இறங்கும், ஆயுளும் குறையும்.

இதைவிட மலிவான வழியும் இருக்கிறது. தெருமுனை எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் நாலடி எல்.இ.டி. டியூப்லைட், 20 வாட், 2000 லூமன். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் ஏறத்தாழ 70 லூமனுக்கு ஒரு மைக்ரோமோல் என்று கணக்கு வைக்கலாம். அப்படியானால் ஒரு டியூப் நொடிக்கு 28 மைக்ரோமோல் தரும், ஜூலுக்கு 1.4. நாலடிக்கு ஓரடி ரேக் தட்டும் 0.36 சதுர மீட்டர்தான். அதன் மேல் இரண்டு டியூப் போட்டால், கால் பங்கு இழப்பு போகச் சுமார் 120 மைக்ரோமோல், 16 மணி நேரத்தில் 7 மோல் அளவு, மைக்ரோகிரீன்ஸுக்குப் போதும். நான்கு போட்டால் 240-ஐ ஒட்டி வரும், லெட்டூஸே வளரும். ‘க்ரோ லைட்’ என்ற முத்திரை இல்லாததை லெட்டூஸ் கண்டுகொள்ளாது.

ஆனால் மின்கணக்கு கண்டுகொள்ளும். 40 வாட் போர்டு நாளுக்கு 16 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 38 யூனிட். நான்கு டியூப் சேர்ந்து 80 வாட், 77 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உண்மைதான். அந்த நூறை மின்விசிறியும் ஃப்ரிட்ஜும் எப்போதோ தின்று தீர்த்திருக்கும் என்பதும் உண்மை. அலமாரி விளக்கு கூட்டும் ஒவ்வொரு யூனிட்டும் அந்த வீட்டின் உச்சபட்ச ஸ்லாபில்தான் விழும். ஓர் ஆண்டில் ஏறத்தாழ 230 யூனிட் வித்தியாசம் வருகிறது. மைக்ரோகிரீன்ஸ் மட்டும் போடுகிறவர் டியூப்லைட்டோடு நிற்கலாம். ஆண்டு முழுக்க லெட்டூஸ் வளர்க்கிறவருக்கு விலை கூடிய போர்டே கடைசியில் லாபம்.

சூடு எங்கே போகும்?

எல்.இ.டி. சூடாகாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மூடிய அலமாரிக்குள் அது செல்லாது. மின்சாரத்தில் பாதி நேராகச் சூடாகிறது. ஒளியாக வெளிவரும் மீதியும் இலையிலும் சுவரிலும் பட்டு உறிஞ்சப்பட்டு, மிகச் சொற்பம் தவிர, சூடாகத்தான் முடிகிறது. 60 வாட் விளக்கு என்றால் உள்ளே 60 வாட் ஹீட்டர் எரிவதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிக்காற்று நொடிக்கு 5 லிட்டர் மட்டுமே உள்ளே வந்து போனால் அந்த 60 வாட் அலமாரியை அறையைவிட 10 டிகிரி சூடாக்கிவிடும். மே மாதச் சென்னையில் அறையே 33 டிகிரி, உள்ளே 43. லெட்டூஸுக்குப் பிடித்தது இருபதை ஒட்டிய குளிர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அது செழிப்பதற்குக் காரணமே அதுதான். கம்ப்யூட்டருக்குப் போடும் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை மேல் பக்கம் காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தி, கீழே நுழைவுத் துளையும் விட்டு, நொடிக்கு 20 லிட்டர் ஓடச் செய்தால் ஏற்றம் 2.5 டிகிரிக்குள் அடங்கும். விசிறி எடுப்பது இரண்டு மூன்று வாட்தான்.

காற்று ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதை வெஜ்ஜியே காட்டியது. 2015 கடைசியில் அதில் ஜின்னியா பூச்செடிகளை வளர்த்தபோது இலைகளில் நீர் கசிந்து நின்றது. ஈரம் வடியாமல் பூஞ்சை பிடித்தது. விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள். சில செடிகள் போயின. பிழைத்தவற்றைத் தன் கண் பார்வையில் பராமரிக்க ஸ்காட் கெல்லி அனுமதி வாங்கினார். 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் பூ மலர்ந்தது.

நம் ஊர் வெப்பத்துக்கு இன்னொரு உபாயம் காசே கேட்காதது: பகலை மாற்றி வைப்பது. டைமரில் மாலை 6 மணிக்கு விளக்கை எரியவிட்டு மறுநாள் காலை 10 மணிக்கு அணைத்தால், நடுப்பகல் வெக்கையில் விளக்கின் சூடும் சேராது. மூடிய அலமாரிக்குள் இருக்கும் செடிக்கு வெளியே பகலா இரவா என்று தெரியப் போவதில்லை.

டிரைவர் எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை அலமாரிக்கு வெளியே வைப்பது இன்னும் நல்லது. மொத்த மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவை அது தனியாகச் சூடாக மாற்றுகிறது. ஈரக் காற்றிலிருந்தும் தப்பிக்கும். டிரைவர் பிரிக்க முடியாதபடி போர்டிலேயே ஒட்டியிருக்கும் மாடல்கள் மலிவு. ஆனால் டிரைவர் போனால் விளக்கே போய்விடும், நல்ல டையோடுகளோடு சேர்த்து.

உயரத்துக்கும் ஒரு பட்ஜெட்

நீள அகலம் பார்க்கிறவர்கள் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். தொட்டி 12 சென்டிமீட்டர், வளர்ந்த லெட்டூஸ் 20, இலைக்கும் போர்டுக்கும் நடுவே 30. கூட்டினால் 62. இரண்டடித் தட்டுக்கு இதுவே இறுக்கம்; இதற்கு மேல் எதுவும் பொருந்தாது. இடைவெளியைக் குறைத்தால் நடுவில் இருக்கும் செடி கருகும், மூலையில் இருப்பது ஏங்கும். டியூப்லைட்டுகள் பரப்பி எரிவதால் 15 சென்டிமீட்டர் வரை இறக்கலாம். ஹோல்டரில் மாட்டும் ஒற்றை பல்பு வகை க்ரோ லைட்டோ ஒரே புள்ளியில் கொட்டும்; அதை இரண்டு மடங்கு தூரத்துக்குக் கொண்டுபோனால் ஒளி நாலில் ஒன்றாகிவிடும். ஒரு தொட்டிக்கு மேல் வளர்க்கிறவர்கள் அதைத் தவிர்க்கலாம்.

உள் சுவருக்கு மேட் வெள்ளைப் பெயின்ட் அடித்தால் ஒளியில் பெரும்பகுதி திரும்ப இலைக்கே வரும். அலுமினியத் தாளை ஒட்டினால் கசங்கிய இடமெல்லாம் ஒளியைத் திட்டுத் திட்டாகக் குவிக்கும்.

ஒளி சரியாக விழுகிறதா என்று பார்க்க விலை கூடிய குவாண்டம் மீட்டர் வேண்டியதில்லை. சாதாரண லக்ஸ் மீட்டர் போதும். தோராயத்துக்கு ஃபோன் செயலிகூட உதவும். இலை மட்டத்தில் வைத்து, வரும் லக்ஸை 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல். 14,000 லக்ஸ் என்றால் 200. வெள்ளை விளக்குக்கு மட்டும்தான் இந்தக் குறுக்குவழி, ஊதாவுக்குப் பொருந்தாது. தட்டை ஒன்பது கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் அளக்க வேண்டும். மூலையில் கிடைப்பது நடுவில் கிடைப்பதில் பாதிக்கும் கீழே இருந்தால் விளக்கைக் கொஞ்சம் ஏற்றலாம், அல்லது ஒரே போர்டுக்குப் பதில் இரண்டு சின்ன போர்டுகளாகப் பிரித்து மாட்டலாம்.

கடையில் நின்று கேட்க வேண்டியவை

உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது; நொடிக்கு மொத்தம் எத்தனை மைக்ரோமோல்; எந்த உயரத்தில், எந்தப் பரப்பில் அளந்த ஒளி வரைபடம் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். நடுப்புள்ளியின் அளவை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். விளக்கை மிக அருகில் வைத்து அளந்தால் எந்த விளக்கும் ஆயிரத்தைக் காட்டும்.

அடுத்து டிம்மர். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லாத விளக்கைச் சின்ன அலமாரிக்கு வாங்கவே கூடாது. நாற்றுக்குப் பாதி, வளர்ந்த செடிக்கு முழுசு என்று ஒரே விளக்கை வைத்துச் சமாளிக்க அது ஒன்றுதான் வழி. டிரைவரில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா, உலோக உடலுக்கு எர்த் இணைப்பு வந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கப் போகின்றன. ஆயுள் ‘50,000 மணி’ என்றால் விளக்கு அன்றோடு அணைந்துவிடும் என்று பொருளில்லை. பெரும்பாலும் ஒளி தன் ஆரம்ப அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கும் காலம் அது. நாளுக்கு 16 மணி நேரம் என்றால் எட்டரை ஆண்டு.

மாட்டிய பிறகு செடியே நிலவரம் சொல்லும். தண்டு நீண்டு இலைகளுக்கு இடையே தூரம் கூடினால் ஒளி போதவில்லை. இலை மேல்நோக்கிச் சுருண்டு வெளுத்தால் ஒளி அதிகம், அல்லது விளக்கு மிக அருகில் இருக்கிறது. லெட்டூஸின் இளம் இலை நுனி பழுப்பாகக் கருகினால் பலர் உரத்தைக் கூட்டுகிறார்கள். அது நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. வேகமாக வளரும் செடியில், காற்று அசையாத இடத்தில் தலைகாட்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பசுமைக்குடில் வழிகாட்டுதலில் லெட்டூஸுக்கு நாளுக்கு 17 மோல் வரை போகலாம் என்றாலும், மேலிருந்து கீழே காற்று வீசும் விசிறி இருந்தால்தான் அந்த அளவு. விசிறி இல்லாத அலமாரியில் 12-ஓடு நிற்பது உத்தமம்.

லெட்டூஸில் ஆர்வமில்லாத வீடுகளுக்கும் இந்த அலமாரியில் ஒரு வேலை இருக்கிறது. ஆடிப்பட்டத்துக்கு மாடியில் நடவேண்டிய தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளை ஆனி மாதத் தொடக்கத்திலேயே குழித்தட்டில் போட்டு, நான்கு டியூப் மாட்டிய ரேக்கில் வைத்துவிட்டால், மழையும் அணிலும் தொடாமல் நாற்று தயாராகும். நாளுக்கு 14 மணி நேரம் ஒளி போதும். 25 முதல் 30 நாளில் தண்டு தடித்துவிடும். ஆனால் அலமாரியில் 240 மைக்ரோமோலுக்குப் பழகிய இலையை நேராக 2000 மைக்ரோமோல் வெயிலில் கொண்டுபோய் வைத்தால் ஒரே நாளில் வெளுத்துச் சுருளும். முதல் இரண்டு நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, ஒரு வாரம் பழக்கிய பிறகே தொட்டிக்கு மாற்ற வேண்டும். காலியாகும் குழித்தட்டில் அடுத்த சுற்றுக்கு முள்ளங்கியோ கடுகோ விதைத்தால் பத்து நாளில் மைக்ரோகிரீன்ஸ் அறுவடை. அதற்கு நான்கில் இரண்டு டியூப்பை அணைத்துவிடலாம்.